நாற்றத்துக்குக் கட்டமில்லை

ராசாப்பேட்டைக் கடற்கரையில் நட்ட
எண்பது மீட்டர்க் கம்பத்துக்கு
மாதம் ஒருமுறை பைக்கில் போவேன்.
பெட்டியைத் திறந்து மெமரி கார்டை மாற்றுவேன்.
உச்சியில் மூன்று கிண்ணங்கள்
யாரிடமோ கையேந்தியபடி சுற்றிக்கொண்டிருக்கும்.
பத்து நிமிஷத்துக்கு ஓர் எண்.
எண்ணைச் சுமந்துபோவது என் வேலை.
இங்கே காற்றாலை வைக்கலாமா என்பது
சென்னையில் ஒரு மேசையின் கேள்வி.

முதல் மாதமே அஞ்சலாட்சி வந்தாள்,
கம்பத்தை இழுத்துக் கட்டிய கம்பியைக் காட்டி,
"இதுல கருவாடு காயப்போடலாமா?"
விதிப்படி கூடாது என்றேன்.
"விதியையா காயப்போடறேன், வாளைதானே."

மூன்றில் விழிக்கும்,
பன்னிரண்டில் முழுசாய் உழைக்கும்,
இருபத்தைந்தைத் தாண்டினால்
இறக்கையைத் திருப்பிக்கொண்டு நின்றுவிடும் என்று
காற்றாலையின் குணத்தைச் சொன்னேன்.
"அம்மாங் காத்து வரும்போது சும்மா நிக்குமா?"
உடைந்துபோகுமே.
"அதுவும் சரிதான். நாங்களும் போட்டைக் கரையேத்திடுவோம்."

அப்புறம் தானே புயல் பேச்சு வந்தது, வராமல் இருக்காது.
அவள் கூரை.
பண்ருட்டியில் என் மாமனாரின் பதினெட்டுப் பலாமரங்கள்
வேரோடு, ஒரே பக்கம் தலைவைத்துப் படுத்தவை.
எங்கள் தெருவில் இருபத்திரண்டு நாள் கரண்ட் இல்லை.
ஊரையே உருட்டிப்போட்ட காற்று
ஒரு பல்பை எரியவைக்கவில்லை.

அவள் புருஷன் தமிழ்வாணன் அதிகம் பேசாதவர்.
ஒருநாள் கேட்டார், கடலுக்குள் நட்டால்
எத்தனை பாகம் தள்ளி வலை விடணும்?
என் ஃபைலில் அது இல்லை.
இறக்கை எதால் செய்வாங்க?
ஃபைபர்.
திரும்பிப் பார்த்தார்.
மணலில் மூன்று பழைய ஃபைபர் போட்டுகள்,
அடி கிழிந்து, நாய்கள் குட்டிபோட்டு,
மக்காமல், விற்காமல்.
"இதையே எங்க போடறதுன்னு தெரியல" என்றார்.
"அது எவ்ளோ நீளம்?"
அறுபது மீட்டர் என்றபோது
என் குரல் கொஞ்சம் இறங்கித்தான் போனது.

மே மாதம் ஆபீஸிலிருந்து போன்:
பத்து மீட்டர்க் கிண்ணம் சரியாகச் சுற்றவில்லை, ஏன்?
போய்ப் பார்த்தால் அஞ்சலாட்சியின் நீலத் தார்ப்பாய்
அதற்கு முன்னால் வெயில் மறைத்துக் கட்டியிருந்தது.
நிழலில் ஒரு குழந்தை தூங்கியது.
"உப்பு படிந்தது, துடைக்கப்பட்டது"
என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
பொய்தான். தார்ப்பாயை நாலடி நகர்த்திக் கட்டினோம்.

மேற்கே நெய்வேலியில்
மண்ணைப் பிளந்து எடுத்து எரிக்கிறார்கள்.
என் வீட்டு ஃபேன் சுற்றுவது அந்தக் குழியிலிருந்து.
அதனால் இந்தக் கம்பத்தின்மேல் எனக்கு ஆசை இருந்தது.
ஒவ்வொரு கார்டையும்
பரீட்சை ரிசல்ட் போலத் திறப்பேன்.

கச்சான் அடிக்கும் நாட்களில்
சிப்காட் எங்களைத் தேடி வரும்.
நெயில் பாலிஷைச் சட்டியில் காய்ச்சியதுபோல் ஒரு நெடி,
தொண்டையில் ஒட்டிக்கொள்ளும்.
திசை இருநூற்று எழுபது, வேகம் ஆறு புள்ளி ஒன்று,
நல்ல காற்று என்கிறது கார்டு.
அஞ்சலாட்சி முந்தானையை மூக்கில் பொத்தி
வாளையை அவசரமாய் உருவுகிறாள்.
என் படிவத்தில் திசைக்குக் கட்டம் உண்டு,
வேகத்துக்கும் ஈரத்துக்கும் உண்டு.
நாற்றத்துக்கு இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.
ஸ்கேன் செய்தபோது விழவில்லை.

பதினாலு மாதம். சராசரி ஐந்து புள்ளி ஏழு.
வேண்டாம் என்று சொல்லமுடியாத,
வா என்றும் சொல்லமுடியாத எண்.
மேசை சொன்னது, பார்ப்போம்.

கம்பத்தைப் பிரித்து லாரியில் ஏற்றிய அன்று
கம்பிக் கணக்கில் நாற்பது மீட்டரைக் குறைத்து எழுதினேன்.
இரண்டு சிமென்ட் கட்டைக்கு நடுவே
அது இன்னும் இருக்கிறது, வாளைக்கு.

கரண்ட் போகிற ராத்திரிகளில்
ஜன்னலைத் திறந்து
முதலில் மோந்து பார்க்கிறேன்.
அப்புறம்தான் வேகம்.