மூன்றாம் சிலிண்டர்

குவாவ்டெபெக் மேட்டுத் தெருக்கள்
முதல் கியரைத் தவிர வேறெதையும் மதிப்பதில்லை.
பச்சை வோச்சோவின் பின்மூடியைத் தூக்கி
தோள்வரை கையை நுழைத்திருக்கிறாள் எர்மெலிந்தா.

ஆயில் கூலர் வழிமறிப்பதால்
காற்றில் பங்கு குறைந்தது மூன்றாம் சிலிண்டருக்கு.
கண்ணில் படாத ஸ்பார்க் பிளக்கை
விரல்நுனியால் தேடிக் கழற்றி,
பழைய வாஷரை எடுத்தெறிந்து,
அந்த இடத்தில் வளையச் சென்சார்.
இறுக்கும்போது வளையமும் கூடவே சுழன்றது.
கழுத்தோடு அறுந்தது வயர்.
இரண்டு நாள் வசூல்.
அடுத்ததை
நாக்கைக் கடித்துக்கொண்டு இறுக்கினாள்.

மாலை. பின்னால் மூன்று பேர்,
முன்சீட்டைக் கழற்றிய இடத்தில் சிமெண்டு மூட்டை.
தேவாலய வளைவில் முள் எழுந்தது,
தயங்கியது,
இன்னும் கொஞ்சம் எழுந்தது.
ஓரங்கட்டினாள்.
"என்ன ஆச்சு?"
"ஒன்றும் ஆகலை. அதுக்குத்தான்."

இதிலும் ஒரு பொய் உண்டு.
முள் சொல்வது சூட்டை அல்ல,
வயரின் இரு முனைகளுக்கும் உள்ள வித்தியாசத்தை.
அந்த முனையில் எஞ்சின்.
இந்த முனையில் அவள்,
மே மாதம்,
பாதியில் சிக்கிய ஜன்னல் கண்ணாடி.
முள் காட்டியதோடு
தன் புழுக்கத்தையும்
கூட்டிக்கொள்கிறாள்.