சத்தியக் கூலி

*வாணியம்பாடி, 1864*

கடிதம் ரயிலில் வந்தது.
பட்டணத்துத் துபாஷின் கோணல் கையெழுத்து:
போஸ்டனுக்குப் போன நம் சரக்கு
நடுக்கடலில் எரிந்தது.
எழுநூறு கட்டு ஆட்டுத்தோல்.

புயல் இல்லை, பாறை இல்லை.
புகை கக்கிக்கொண்டு ஒரு கப்பல் வந்ததாம்.
இங்கிலீஷ் கொடி காட்டி நெருங்கி
கைக்கெட்டும் தூரத்தில் வேறு கொடி ஏற்றியதாம்.
மாலுமிகளை இறக்கிவிட்டு
கடிகாரங்களைக் கழற்றிக்கொண்டு
தீ வைத்ததாம்.
அமெரிக்கன் கப்பலுக்கு அமெரிக்கனே.

சரக்கு மூன்றாம் மனிதருடையது என்று
சத்தியம் செய்த பத்திரம் இருந்தால்
விட்டுவிடுவது வழக்கமாம்.
பத்திரம் இருந்தது.
சத்தியம்தான் இல்லை.

எழுதியவன் நான், எத்திராஜுலு,
பக்கீர் மதார் சாகிபின் கணக்கன்.
நான் கடல் பார்த்ததே அந்த ஒரு நாள்.
முத்திரை அதிகாரி முன்னால் நின்று சத்தியம் செய்ய
இரண்டு ரூபாய் என்றார்கள்.
ஆவாரம்பட்டை நாற்றம் ஒன்று போதாதா,
இது எந்த ஊர்ச் சரக்கென்று சொல்ல?
நானே கையெழுத்துப் போட்டு,
மிச்சம் பிடித்ததை ஊர் வந்து பீற்றினேன்.
சாகிப் சிரித்தார் அன்றைக்கு.

இன்றைக்கு அவர் பேசவில்லை.
ஊற்றுத் தோண்டுகிறவர்களைப் பார்த்தபடி
பாலாற்றங்கரையில் வெகுநேரம் நின்றார்.

சுண்ணாம்புக் குழியோரம் கன்னிச்சி கேட்டாள்,
மயிர் சீவும் கத்தியை நிறுத்தாமல்:
"யாருக்கும் யாருக்கும் சண்டை, சாமி?"
ஒரே தேசம்தான், ரெண்டாப் பிரிஞ்சு.
"பாகத் தகராறா?"
அப்படியும் சொல்லலாம்.
ஆளை விலைக்கு வாங்கி
அடைத்துவைத்து வேலை வாங்கலாம் என்கிறது ஒரு பக்கம்.
கூடாது என்கிறது மறுபக்கம்.

கத்தி நின்றது.
"நம்ம தோலைக் கொளுத்தினது எது?"
வாங்கலாம் என்கிறது.

"அதுக்குக் கப்பல் வேறயா"
என்றுவிட்டு மறுபடி சீவினாள்.

ராத்திரி பேரேட்டைத் திறந்தேன்.
கன்னிச்சி, த/பெ காத்தான்:
தகப்பன் வாங்கிய முன்பணம் ஒன்பது ரூபாய்.
வட்டி பதினொன்று.
கழிந்தது நாலு.

நஷ்டத்தில் ஒரு பங்கை
ஆட்கள் தலையில் பிரித்து எழுது என்று
சாகிப் சொல்லி அனுப்பியிருந்தார்.
பிரித்தேன்.
தலைக்கு ஒரு ரூபாய் பதினாலு அணா வந்தது.
கூட்டிக் கழிக்கச் சுலபமாக இருக்குமென்று
இரண்டணா சேர்த்து முழுசாக்கினேன்.

மை உலர ஆற்றுமணல் தூவி
ஏட்டைச் சாய்த்து உதறினேன்.
கொஞ்சம் அவள் பேரிலேயே ஒட்டிக்கொண்டது.