சரி என்ற சொல் இங்கே செல்லாது

கோபுரம் என்றதும் நம்பிவிடாதீர்கள்.
இரும்புக் கால் நான்கு, மேலே தகரம்,
மூன்று பக்கம் கண்ணாடி, ஒரு பக்கம் சாக்கு.
கீழே போர்க்காலத்தில் போட்ட ஓடுபாதை,
பிளவுக்குப் பிளவு கொழிஞ்சி.
ஒரு பக்கம் கானாடுகாத்தான் ஓட்டுக்கூரைகள்.
வடக்கே, வெயில் தெளிந்த நாளில்,
திருமயம் கோட்டை ஒரு மரு அளவுக்கு.

பேசும் முன் கேள். அதுதான் முதல் விதி.
அலைவரிசை ஒன்று; இருவர் ஒரே நேரம் பொத்தானை அழுத்தினால்
இருவருமே இல்லை, ஒரு கீச்சு மட்டும்.
என் கல்யாணப் பந்தியில் இந்த விதி இருந்திருந்தால்
இரண்டு சம்பந்தி வீடும் இன்னும் பேசிக்கொண்டிருக்கும்.

விமானி முழுப்பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும்:
விக்டர் டேங்கோ சியரா மைக் யாங்கி.
நான் சுருக்கிய பிறகே அவர் சுருக்கலாம்,
நீங்கள் என்பது நீ ஆகும்போது
யார் வாய் முந்துவது என்பதைப் போல.

மூன்றை ட்ரீ என்கிறோம், ஐந்தை ஃபைஃப், ஒன்பதை நைனர்.
காரைக்குடிக் கான்வென்டில் இதே ட்ரீக்காக
விரல் கணுவில் அடி வாங்கியிருக்கிறேன்.
இப்போது அதற்குச் சம்பளம்.
அடகுச் சீட்டில் எண்ணாலும் எழுத்தாலும்
தொகை போடும் ஊர்க்காரி நான்;
திருப்பிச் சொல்லப்படாத எண்ணை நம்புவதில்லை.

டேக்-ஆஃப் என்ற சொல்லை
அனுமதி தரும் அந்த ஒரு நொடிக்கு முன்
யாரும் உச்சரிப்பதில்லை. அதுவரை டிப்பார்ச்சர்தான்.
பயிற்சியில் எல்லோரும் இதற்குத் திணறினார்கள், நான் இல்லை.
விளக்கை அணை என்று சொல்லாமல் குளிர வைத்த வீடு எங்களுடையது.
போகிறேன் என்று சொல்லிக்கொண்டு
அங்கிருந்து ஒருவரும் போனதில்லை.

செவ்வாய், பிற்பகல் இரண்டேகால் இருக்கும்.
பறப்புத் திட்டத்தில் பெயர் பாக்கியநாதன்,
வயது பத்தொன்பது, தனியாக இரண்டாம் முறை.
இறங்க அனுமதித்தேன்.
சுத்தமாகத் திருப்பிச் சொன்னான்.
அப்போதுதான் கருவேலங்காடு பிளந்து ஆடுகள்,
நாற்பது இருக்கும், மண்ணின் அதே நிறத்தில்.

சியரா மைக் யாங்கி, கோ அரவுண்ட்.

"ரோஜர்."

ரோஜர் என்றால் காதில் விழுந்தது என்று பொருள்.
செய்கிறேன் என்பதற்கு வேறு சொல்.
தமிழில் இரண்டுக்கும் ஒரே சரி.
பதினோரு வருடமாக என் கணவர் சொல்லும் சரி.
கேஸ் பதிவு, மாடித் தொட்டி, அவர் தம்பிக்குத் தரவேண்டிய பதில்,
எல்லாம் நன்றாகக் காதில் விழுந்தவை.

மூக்கு இறங்கிக்கொண்டே இருந்தது.
கத்தக்கூடாது. கத்தினால் சொல் உடையும்.
அதே சொற்கள், அதே வேகம்,
நகம் மட்டும் உள்ளங்கைக்குள்.
கோ அரவு

கீச்சு.
மதுரைப் பக்கமிருந்து யாரோ காற்று விசாரிக்கிறார்.

பிறகு அந்த முகம் தெரியாதவருக்குப் புரிந்தது.
மன்னிப்புக் கேட்கவில்லை, விளக்கம் சொல்லவில்லை,
விரலை எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.
மூன்று நொடி வானம் முழுவதையும் என்னிடம் தந்தார்.
மரியாதை என்று நான் கண்டதிலேயே
மிகச் சிறியது அது.

மூன்றாம் முறை சொன்னேன்.
எஞ்சின் இரைந்தது. ஆட்டு முதுகுகளை
நிழல் தடவிக்கொண்டு ஏறியது.
"கோயிங் அரவுண்ட், சியரா மைக் யாங்கி."
குரல் அரை ஸ்தாயி மேலே.

இன்னொரு சுற்று வந்து இறங்கினான்.
ஆட்டுக்காரர் தொரட்டியை என்னை நோக்கி ஆட்டி
நெடுநேரம் ஏதோ சொன்னார்;
அவர் என் அலைவரிசையில் இல்லை.

எஞ்சினை நிறுத்தும் முன்
பொத்தான் ஒருமுறை சொடுக்கியது.
"நன்றிக்கா."

சொற்பட்டியலில் அப்படி ஒன்று கிடையாது.
கண்டித்திருக்க வேண்டும்.
ரோஜர், என்றேன்.

பதிவேட்டில் எழுதினேன்: கிரீன்விச் கணக்கில்
எட்டு நாற்பத்திரண்டு, கால்நடை, மறுசுற்று.
ஒலிப்பதிவுக் கருவி எதையும் விடாது.
அந்தக் கீச்சு, மூன்று நொடி, கடைசியில் அந்த க்கா,
முப்பது நாள் அதற்குள் இருக்கும்.
முப்பத்தொன்றாம் நாள் அதன்மேல்
வேறு யாருடைய காற்றழுத்தமோ ஏறும்,
எண் எண்ணாக.