களக்குறிப்பு

புதுவயல் நெல்லு மில்லின் வாட்ஸப் குழுவில்
முப்பத்தேழாவது ஆளாகச் சேர்ந்தேன்.
சேர்த்துவிட்டவர் கணக்கர் சாத்தையா.
"காலேஜ் பொண்ணு. நாம பேசுறத எழுதப்போகுது.
பயப்படாமப் பேசுங்க" என்று போட்டார்.
மூன்று நாள் யாரும் பேசவில்லை.

நான்காம் நாள் அதிகாலை மூன்று பத்துக்கு
ஒரு ரோஜாப்பூ வந்தது, பனித்துளியோடு.
ஓரத்தில் ஜிகினா மின்ன, இனிய காலை வணக்கம்.
அனுப்பியது கொப்பாத்தாள், அவிப்புப் பிரிவு.
கீழே பதினொரு கும்பிடு.

கழனிவாசல் வாடகை மாடியில் படுத்தபடியே
அட்டவணையில் குறித்தேன்:
சடங்குப் பேச்சு. தகவல் இல்லை.

நூற்று நாற்பது நாள்.
நீக்கப்பட்ட செய்திகளை எண்ணினேன், இருநூற்றுப் பன்னிரண்டு.
'தட்டச்சு செய்கிறார்' என்று தோன்றி
வராமலே போனவற்றை எண்ண வழியில்லை.
குரல் பதிவுகளில் பெல்ட் ஓடும் சத்தத்தை
இரைச்சல் என்று எழுதி அடைப்புக்குறிக்குள் போட்டேன்.

திரைதான் உன் களம் என்றார் வழிகாட்டி.
புதுவயலில் களம் என்றால்
அவித்த நெல்லைக் கொட்டிக் காலால் கிளறும் சிமெண்டுத் தரை.
பதினோரு மணிக்குமேல் செருப்பில்லாமல் நிற்க முடியாது.
ஒரு நிமிடம் நின்றேன்.
"இதையும் எழுதிக்க" என்று சிரித்தாள் பஞ்சவர்ணம்.

சாப்பாட்டு நேரத்தில்தான் கேட்டேன்,
மூணு மணிக்கு எதுக்குப் பூ?
கொப்பாத்தாள் புருவத்து உமித்தூசியை வழித்தாள்.
ஆபீஸ் ரூம் கதவைப் பார்த்துக்கொண்டாள்.

"செவப்பு ரோசான்னா பாய்லர் சூடாயிருச்சு, வாங்க.
மஞ்சன்னா கரண்டு இல்ல, இன்னுங் கொஞ்சம் தூங்குங்க.
காபி டம்ளர் வந்தா
மொதலாளி மகன் வந்துருக்கான், யாரும் தனியா வராதீங்க.
கும்பிடு போடாதவ வீட்ல போயி கதவத் தட்டணும்.
முருகன் படம் வந்தா..."
நிறுத்தினாள்.
"அது ஒனக்கு வேணாம்த்தா."

அன்றிரவு பழைய பக்கங்களைத் திரும்பப் புரட்டினேன்.
காபி ஒன்பது முறை.
முருகன் இரண்டே முறை,
இரண்டுக்கும் மறுவாரம் மூட்டைக்கூலி ஏறியிருக்கிறது.
அல்லது நான் அப்படி வாசிக்க ஆசைப்படுகிறேன்.

அனுமதிக் கடிதத்தின் மூன்றாவது நிபந்தனை:
ஆய்வேட்டின் பிரதி ஒன்று மில் நிர்வாகத்துக்குத் தரப்படும்.
கீழே இருப்பது என் கையெழுத்து.

ஆகவே பக்கம் தொண்ணூற்று நான்கில், அட்டவணை ஆறில்,
காலை வணக்கப் படங்கள்:
சடங்குப் பேச்சு. தகவல் இல்லை.
இத்தனை நாள் இருந்தும்
இதற்குமேல் ஒன்றும் கிடைக்கவில்லையா என்றார்
வாய்மொழித் தேர்வுக்கு வந்தவர்.
இல்லை சார் என்றேன்.
பலவீனமான அத்தியாயம் என்று குறித்துக்கொண்டார்.

இங்கேயும் நிறங்களை மாற்றித்தான் சொல்லியிருக்கிறேன்.
ரோஜா ரோஜா இல்லை.
முருகன் வேறு சாமி.
பெயர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.
மில்லுகளுக்கா பஞ்சம் புதுவயலில்,
தேடுகிறவர்கள் தேடட்டும்.

குழுவைவிட்டு நான் இன்னும் வெளியேறவில்லை.
வெளியேற்றவும் இல்லை யாரும்.
நேற்று மூன்று பத்துக்கு ஒரு மயில் வந்தது,
என் பட்டியலில் இல்லாத மயில்.
எழுந்து உட்கார்ந்து
ஒரு கும்பிடு தட்டினேன்.
அனுப்பாமல் அழித்தேன்.
அந்தச் சில நொடிகள்
'தட்டச்சு செய்கிறார்' என்று
அங்கே யாராவது பார்த்திருக்கலாம்.