எழுபத்தைந்து நிமிடம்

ரோஹுகூலாவிலிருந்து ஹெல்தெர்மா போய்ச்சேர
எழுபத்தைந்து நிமிடம்.
பட்டாணி சூப் பரிமாறி, தட்டுகளை அடுக்கியபின்
எனக்கென்று மிஞ்சுவது இருபது பக்கம்.

அக்டோபரில் ஒரு துப்பறியும் நாவல்.
கொலைகாரன் யாரென்று நாற்பதாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது.
அவன் ஒருவனைத்தான்
நல்லவன் நல்லவன் என்று மூன்று தரம் சொல்லியிருந்தார் ஆசிரியர்.
ஆனாலும் கடைசிவரை படித்தேன்.
அந்த நாய் என்ன ஆனது என்று தெரிய வேண்டியிருந்தது.
ஆசிரியர் மறந்துவிட்டார்.

பரிசு வாங்கிய தடித்த நாவலில்
நான்கு தலைமுறை பிறந்து, துரோகம் செய்து, செத்தது.
ஒருவருக்கும் பல்வலி வரவில்லை.
பாத்திரம் யார் கழுவினார்கள் என்ற பேச்சே இல்லை.
கடல் மட்டும் பக்கத்துக்குப் பக்கம் நீலம்.
நவம்பரில் ஒருமுறை எங்கள் படகில் ஏறியிருக்கலாம் அவர்.

எப்படி, என்று கேட்டாள் நூலகத்து மைமு.
கனம், என்றேன்.
பாராட்டு என்று எடுத்துக்கொண்டாள்.

இப்போது கையிலிருப்பது ஒல்லி.
கணவனும் மனைவியும் உருளைக்கிழங்கு உரித்தபடி
பிரிந்துபோவதைப் பற்றிப் பேசுகிறார்கள்,
நடுவில் உப்பு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்கிறார்கள்.
ஓரத்தில் யாரோ பென்சிலால்:
"நிஜத்தில் யாரும் இப்படிப் பேசுவதில்லை."

நூலகப் புத்தகத்தில் கிறுக்கக் கூடாதுதான்.
பில் போடும் பேனாவால் அதன் கீழே எழுதினேன்:
"பேசுவார்கள். போன வியாழன், ஜன்னலோர மேசை.
சூப்பை மிச்சம் வைக்கவில்லை."

சங்கு ஊதிவிட்டது.
பதினோரு பக்கம் பாக்கி.
கார்கள் மெதுவாக இறங்கட்டும் இன்றைக்கு.