அடிக்கோடு

தெமுகோவில் ஜூலை மாதம். ஊரே விறகுப்புகைக்குள்.
மருத்துவமனைக் கீழ்த்தளத்துக்குப் புகை வராது.
குளிர் வரும்.

பதினேழாம் ஆள், எர்மோஹெனெஸ் கத்ரிலேயோ,
ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தவர்.
பெல்ட், மோதிரம், பல்செட்,
சட்டைப்பையின் அடியிலிருந்து ஒரு திருகாணி,
எல்லாவற்றையும் தட்டில் வைத்தார்.
எந்தக் கட்சி என்ற கட்டத்தில் "இல்லை" என்று எழுதி
அதன் மேலேயே இன்னொரு முறை எழுதியிருந்தார்.

ஆய்வு ஒன்றும் சிக்கலானதில்லை.
அழுகிய இறைச்சி, சிலந்தி, கொடி,
வேட்பாளர் முகம் இரண்டு, மறுபடி சிலந்தி.
மூளைக்குள் பாதாம்பருப்பு அளவில் ஓரிடம்
எதைக் கண்டு துடிக்கிறது,
துடிப்பவர் இடதா வலதா என்று
முனைவர் ஓயார்சுன் கணக்குப் போடுவார்.
படங்களுக்கு முன்னால் நான்கு நிமிடம்
வெறும் கூட்டல் குறி.
ஒன்றும் நினைக்காமல் அதையே பாருங்கள், என்பேன்.
அந்த நான்கு நிமிடம்தான் அடிக்கோடு.
மற்ற பயங்களெல்லாம் அதன்மேல் ஏறி நின்றுதான்
உயரம் காட்ட வேண்டும்.

இயந்திரம் தட்டத் தொடங்கியது.
டக். டக். டக்டக்டக்.
திரையில் கூட்டல் குறி மட்டும்.
அவர் விரலில் மாட்டிய கிளிப்
நூற்றுப் பதினெட்டு என்றது.

பிறகு சிலந்திக்கு ஏறவில்லை.
கொடிக்கு ஏறவில்லை. முகங்களுக்கும்.
ஏற இடமே இல்லை.

நிறுத்தட்டுமா என்று மைக்கில் கேட்டேன்.
வந்த காரியம் முடியட்டும், என்றார்.

வெளியே வந்து, ஷூவுக்குள் காலை நுழைத்தபடி:
"உங்கள் மெஷின் மாதிரியேதான்
எங்கள் கதவையும் தட்டினார்கள்.
முதலில் கொஞ்சம் மரியாதையாக."
யாரைத் தேடி என்று நான் கேட்கவில்லை.
எந்த வருடம் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஓயார்சுன்
அந்த வரைபடத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.
"அடிக்கோடே சரியில்லையே. நீக்கிவிடு."
காரணம் என்ற இடத்தில் நான்
"இரைச்சல்" என்று தட்டினேன்.

சொல்ல விட்டுப்போனது ஒன்று.
அன்று அவர் பாதி வழியில் திரும்பி வந்தார்,
திருகாணியை மறந்துவிட்டாராம்.
என் அறைக் கதவில்
விரல் மடக்கி, மெல்ல, இரண்டு தட்டு.

திரும்பிக்கூடப் பார்க்காமல் "வாங்க" என்றேன்.
எனக்கு முப்பத்தொரு வயது.
அளந்திருந்தால் என் நாடி
அறுபத்தெட்டு இருந்திருக்கும்.