துடைப்பம் கட்டிய வண்டி

பந்தயத்தின் வாலில் வருவது என் வண்டி.
பின்கதவில் ஒரு துடைப்பம் கட்டியிருக்கும்,
முடியாதவர்களைக் கூட்டி அள்ளுகிற வண்டி என்று
பார்ப்பவர்களுக்குப் புரிய.
யமீலே தொக்கர்ருஞ்சோ என்ற பெயரை
வீரர்கள் யாரும் கேட்டதில்லை.
என் கத்தரிக்கோலைத் தெரியும் அவர்களுக்கு.
ஏறுகிறவன் முதுகிலிருந்து எண்ணை நறுக்குவது
நான்.

ஏழாம் நாள்.
மரிகிதாவில் தார் உருகியது.
மாம்பழத் தோலைவிட்டு ஈக்கள்கூட எழவில்லை.
அங்கிருந்து எண்பது கிலோமீட்டர்
மேலே, மேலேயே,
லெத்ராஸ் கணவாய் வரை.
அடியில் வியர்வை, உச்சியில் பல் கிட்டும் குளிர்,
ஒரே சட்டைக்குள் இரண்டு பருவம்.

ஃப்ரெஸ்னோ தாண்டுமுன் நான்கு பேரை ஏற்றியாயிற்று.
ஒருவன் அழுதான்.
ஒருவன் கொய்யா மிட்டாயைப் பிரித்துத் தின்றுவிட்டு
சன்னலில் தலைசாய்த்துத் தூங்கிப்போனான்,
சந்தை முடிந்து ஊர் திரும்புகிறவன்போல.

மிச்சம் ஒருவன். எண் நூற்றுப் பதினேழு.
எலியேசர் கிகனாஸ்,
அணித்தலைவனுக்கு எடுபிடி.
காலை முழுக்க
முதுகுச் சட்டைக்குள் ஏழெட்டுக் குப்பி தண்ணீர் திணித்து
வயிறு முதுகுக்கு மாறிய கர்ப்பிணியாய்
காருக்கும் கூட்டத்துக்கும் நடுவே மிதித்தவன்.
ஏற்றம் தொடங்கும் பாலத்தருகே
தலைவனின் டயர் வெடித்தபோது
தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு
சாலையோரம் நின்றான்,
குதிரையை இரவல் கொடுத்தவன் மாதிரி.

அதன்பிறகு அவன் முதுகும் நானும்தான்.

மணிக்கு ஒன்பது கிலோமீட்டர்.
முதல் கியரில் கிளட்ச் கருகும் வாசனை.
வானொலியில் ஒருவன் மூச்சுவிடாமல் கத்துகிறான்:
தலைவன் வென்றுவிட்டான்,
பூச்செண்டு, கம்பளி, கன்னத்தில் முத்தம்.
சக்கரத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.
நான் ஒலியைக் கூட்டவில்லை. குறைக்கவுமில்லை.
கெடு ஐம்பத்தைந்து நிமிடம்.
அதற்குள் கோட்டைத் தொடாதவன்
நாளைக்கு இல்லை.

கொண்டை ஊசி வளைவுகளில்
மாடு மேய்ப்பவர்கள் போர்வைக்குள்ளிருந்து கைதட்டினார்கள்,
அவனுக்கா துடைப்பத்துக்கா தெரியாது.
ஒரு சிறுமி மட்டும்
என்னைப் பார்த்து நாக்கை நீட்டினாள்.

திரும்பிப் பாராதவனுக்கும் எஞ்சின் கேட்கும்.
பின்னங்கழுத்தில் என் வெளிச்சம் விழும்போதெல்லாம்
பெடலில் எழுந்து நிற்பான், பிறகு உட்காருவான்.
கண்ணாடியை இறக்கி, ‘போதும், ஏறிக்கொள்’ என்று
ஒரு தடவை சொன்னேன்.
சொல்லியிருக்கக் கூடாது.

மரங்கள் தீர்ந்தன.
மூடுபனி பாலாடைபோல் கண்ணாடியில் படிந்தது.
கணவாய்க்கு ஆறு கிலோமீட்டர் இருக்கையில்
நின்றது
என் வண்டி.

மூடியைத் திறந்தேன். ரேடியேட்டர் சீறி அடங்கியது.
உள்ளே சொட்டு இல்லை.
தூங்கியவன் விழித்து, ‘வந்துவிட்டோமா?’ என்றான்.

எஞ்சின் ஓய்ந்ததைக் கேட்டு
முதன்முறையாகத் திரும்பினான் நூற்றுப் பதினேழு.
ஆவியைப் பார்த்தான். என்னை. துடைப்பத்தை.
தண்டிலிருந்த கடைசிக் குப்பியை உருவி எறிந்தான்.
அது சரிவில் உருண்டு உருண்டு
என் காலடிக்கு வந்தது.
சிரித்தானா என்று சத்தியமாய்த் தெரியாது,
பனி அவனை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டது.

முகர்ந்தேன். வெல்லத் தண்ணீர்.
எந்த மெக்கானிக்கும் மன்னிக்கமாட்டான்.
ஊற்றினேன்.

இரவு ஏழுக்குப் பால் லாரி ஒன்று கயிறு கட்டி
எங்களை மேலே சேர்த்தது.
தோரணத்தைச் சுருட்டிவிட்டிருந்தார்கள்.
நடுவர் உதவியாளன் கையை நீட்டினான்:
நறுக்கிய எண்கள்?
நான்கைக் கொடுத்தேன்.
ஐந்தாவது?
அது என்னிடம் இல்லை என்றேன்.
கத்தரிக்கோல் பையில் சில்லிட்டுக் கிடந்தது.

மறுநாள் காலை, மனிசாலெஸ் தெருவில் புறப்பாடு.
குப்பியைக் கழுவி எடுத்துப் போனேன்.
வாங்கினான். வணக்கம்கூட இல்லை.
‘வண்டி ஓடுமா இன்றைக்கு?’
ஓடும், வெல்லம் கருகும் வாசனையோடு, என்றேன்.
முதுகில் எண்ணைக் குத்தியிருந்த ஊசி ஒன்று
திறந்திருந்தது. பூட்டிவிட்டேன்.

‘மெதுவாகவே வா’ என்றான்.